தில்லிக்கு ஒரு மஞ்சள் மூட்டை

தில்லிக்கு அடுத்த உயர்ஸ்தானிகர் யார்? இந்தக் கேள்வி கொழும்பில் கிளம்பிவிட்டால் அரசியல் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதம் பஞ்சமில்லை. தேர்தலில் தோற்ற முன்னாள் அமைச்சரின் பெயர் முதலில் வரும். அடுத்து ஓய்வுபெற்ற தளபதி. பிறகு பெரிய இடத்து மச்சான், ஒன்றுவிட்ட தம்பி, தேர்தலுக்குச் செலவழித்த முதலாளி. பரீட்சை எழுதி வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து தலை நரைத்த அதிகாரியின் பெயர் கடைசியில் வரும், வந்தால்.

புத்தளத்து ஆலங்குடாவிலிருந்து நாங்களும் ஒரு பெயரை முன்மொழிகிறோம்: மஞ்சள் மூட்டை.

சிரிக்க வேண்டாம், தகுதியைப் பாருங்கள். கோட்டாபய ராஜபக்ஷ ஆட்சிக்கு வந்த கையோடு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விழுந்தது. உள்ளூர் விவசாயியை உயர்த்தப் போகிறார்களாம். விவசாயி உயர்ந்தாரோ இல்லையோ, மஞ்சள் உயர்ந்தது. கிலோ ஆயிரங்களில் விற்றது. கொரோனாவுக்குக் கைமருந்தென்று ஊரே மஞ்சள் தேடிய வருஷம் அது. அப்போது தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மூட்டை கிளம்பியது. நடுக்கடலில் வள்ளம் மாறி, கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் இருட்டோடு வந்து இறங்கியது. கடற்படை பிடித்தது. பிடிபட்டதன் படம் பத்திரிகையில் வந்தது, பிடிபடாதது கறியில் வந்தது. அதற்கு முன்பிருந்தே இதே வழியில் பீடி இலை வந்துகொண்டிருக்கிறது. அது இத்துறையின் மூத்த இராஜதந்திரி.

மனிதர் வழியாகப் போன உறவின் கதை வேறு. தில்லியில் இருந்த ஒஸ்ரின் பெர்னாண்டோ 2020 ஜனவரியில் பணி முடித்துத் திரும்பினார். ஆகஸ்டில் மிலிந்த மொரகொடவின் பெயர் அறிவிக்கப்பட்டது, அதுவும் அமைச்சரவை அந்தஸ்தோடு. அவர் தில்லிக்குப் போய்ச் சேர்ந்தது 2021 ஆகஸ்ட் முடிவில். நெருங்கிய அயல்நாட்டில், நாட்டின் ஆகப் பெரிய தூதரகக் கதிரை ஒன்றரை வருஷத்துக்கு மேல் காலி. நம்முடைய மூட்டை அந்தக் காலத்தில் எத்தனை தடவை வந்திருக்கும் என்று கணக்கெடுத்தவர் கிடையாது.

காலியாகக் கிடந்த காலம் சும்மா கிடந்த காலமா? 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படையோடு ஏற்பட்ட மோதலில் தமிழ்நாட்டு மீனவர் நால்வர் செத்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. எந்த நாட்டுத் தூதுவர் அவருக்காக எந்த நாட்டிடம் கேள்வி கேட்பது? அதே மாத முடிவில் இந்தியா 5 லட்சம் தடுப்பூசிகளை இனாமாக அனுப்பியது. அவை வந்து ஒரு வாரம் ஆகுமுன், கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்காக இந்தியாவோடும் ஜப்பானோடும் 2019இல் செய்த உடன்படிக்கையைக் கைவிட்டார்கள். மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீது தீர்மானம் வந்தபோது, இந்தியா நமக்கு எதிராக வாக்களித்துவிடுமோ என்று பதறினார்கள். இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இதையும் வெற்றி என்றே கொண்டாடினார்கள்.

கதிரை காலியென்றாலும் துணை அதிகாரிகள் இருந்தார்களே, வேலை நடந்ததே என்பீர்கள். அப்படியே இருக்கட்டும். அமைச்சரவை அந்தஸ்து எதற்கு என்பதையும் அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

மொரகொட மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. 2022இல் நாடு வங்குரோத்தாகி, இந்தியா சுமார் 400 கோடி டொலர் உதவியபோது தில்லியில் ஓடித் திரிந்தவர் அவர். கோபம் முறைமை மீதுதான். இதே முறைமைதான் ஜாலிய விக்ரமசூரியவை வாஷிங்டனுக்கும் உதயங்க வீரதுங்கவை மொஸ்கோவுக்கும் அனுப்பியது. இருவரும் ராஜபக்ஷக்களின் உறவினர். முன்னவர், தூதரகக் கட்டடம் வாங்கியதில் 3 லட்சத்து 32 ஆயிரம் டொலரைத் திசைதிருப்பிய சதிக்காக 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னவர், மிக் விமானக் கொள்வனவு பற்றிய விசாரணையில் தேடப்பட்டு, 2020இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது கைதானார். அமெரிக்காவிலும் தேர்தல் நிதி கொடுத்தவரைத் தூதுவராக்கும் வழக்கம் உண்டு. அங்கே பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; இங்கே போனபிறகுதான் பணத்தின் பேச்சே வருகிறது.

ஆனால் ஒன்று. இந்த அரசாங்கங்களுக்கு அயல்நாட்டோடு அவசரமாகப் பேசத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தேவை வந்தால் நன்றாகத் தெரியும்.

தில்லிக் கதிரை காலியாகக் கிடந்த அதே 2020 டிசம்பரில், மாலைதீவின் வெளிவிவகார அமைச்சர் அப்துல்லா ஷாஹித் ஒரு செய்தியை உலகத்துக்குச் சொன்னார். கொரோனாவில் மௌத்தாகும் இலங்கை முஸ்லிம்களை மாலைதீவில் அடக்குவது பற்றி ஆலோசிக்கிறார்களாம். கேட்டது யார்? கோட்டாபய ராஜபக்ஷ விடுத்த விசேட வேண்டுகோள் என்றார் அவர்.

ஆலங்குடாக்காரன் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பான்? எங்கள் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளவர்களில் பெரும்பங்கினர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டு வந்தவர்கள். சுமார் 75,000 பேரின் வெளியேற்றம் அது. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, இந்த மணலில் கிணறு வெட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முப்பது வருஷம் ஆன நேரத்தில் அரசாங்கம் சொல்கிறது: நீங்கள் இருக்கலாம், உங்கள் மையித்து இருக்க முடியாது. கபனோடு இரண்டாவது வெளியேற்றம்.

காரணம் நிலத்தடி நீராம். புதைத்தால் கிருமி நீரில் கலக்குமாம். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் எரிப்பைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வந்தது. பிறந்து 20 நாளான சிசுவையும் எரித்தார்கள். நிலத்தடி நீர் மீது இத்தனை பாசம் வைத்த நிபுணர்களை நாங்கள் ஊருக்கு அழைத்திருக்க வேண்டும். ஆலங்குடாவுக்குப் பக்கத்தில்தான் நுரைச்சோலை. சீனக் கடனில் கட்டிய 900 மெகாவாட் அனல்மின் நிலையம்; சீன ஜனாதிபதி சி ஜின்பிங் வந்த 2014 செப்டம்பரில் முழுதாகத் திறந்துவைத்தார்கள். அதன் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றிச் சுற்றியுள்ள சனம் வருஷக்கணக்கில் முறையிடுகிறது. சாம்பலின் கீழும் நிலம்தானே, நிலத்தின் கீழும் நீர்தானே? எந்த நிபுணரும் பதறி எழுந்ததாகத் தெரியவில்லை. நிலக்கரியின் சாம்பல் இந்த மண்ணில் தங்கலாம், கலிமா சொன்னவனின் உடல் தங்கக்கூடாது.

பிறகு மாற்றம் எப்படி வந்தது? எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவர்களால் வரவில்லை. அவர்களில் சிலர் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்குக் கை உயர்த்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்துபோனார். அவர் போன கையோடு அடக்க அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. ஜெனீவா வாக்கெடுப்பும் நெருங்கியிருந்தது, முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது. ஆக, எங்கள் கப்ருக்கு விலை பேசப்பட்ட இடம் வெளிவிவகாரச் சந்தை. அனுமதி கிடைத்தும் சொந்த ஊர் மையவாடி கிடைக்கவில்லை. புத்தளத்து மையித்து நாட்டைக் குறுக்காகக் கடந்து கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த ஒரு வருஷம் அதுதான் சட்டம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்தவர்கள் யாரும் தம் வாயால் கேட்டதாகத் தெரியவில்லை, அமைச்சரவை கேட்டது.

இப்போது மறுபடி நியமனப் பேச்சு வருகிறது. தூதுவர் பெயர்களை ஆராயும் பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. தில்லிக்கோ மாலேக்கோ இஸ்லாமாபாத்துக்கோ எவரையும் அனுப்பிக்கொள்ளுங்கள். அனுப்புமுன், குடிமக்களின் பிரேதத்துக்கு அயல்நாட்டில் மண் கேட்ட அந்த வேண்டுகோளின் கோப்பை எடுத்துச் சபையில் வையுங்கள். அதை எழுதியது யார், கையொப்பமிட்டது யார், மறுத்துப் பேசிய அதிகாரி ஒருவராவது இருந்தாரா என்று வாசித்துக் காட்டுங்கள். கையொப்பமிட்டவர் எவராயினும் அவர் பெயர் இனி எந்தத் தூதரகப் பட்டியலிலும் வரக்கூடாது.