ஓரமா வாங்க, சார்!

கையில் குடை, கழுத்தில் விசில், முதுகில் பை என்று ஒருவர் முன்னால் போக, ஒரே நிற டி-ஷர்ட் போட்ட பதினைந்து பேர் பின்னால் வந்தால், கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பு அதை மூன்று விதமாக எடுத்துக்கொள்ளும். ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள், அல்லது ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள், அல்லது ஆக்கிரமிப்பை அகற்ற வந்திருக்கிறார்கள். மூன்றாவது சந்தேகம் வந்த கடைக்காரர், ரோட்டோரம் நிறுத்தியிருந்த விளம்பரப் பலகையைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்வார். ஊரைச் சுற்றிப் பார்க்க, அதுவும் நடந்து, அதுவும் பணம் கட்டிப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றாது. தோன்றாததில் குற்றமில்லை. சென்னையில் 2004-இல் மெட்ராஸ் தினம் கொண்டாடத் தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் மாதத்து நடைகள் அங்கே பழகிப்போய்விட்டன. மயிலாப்பூர் மாடவீதியில் ஒருவர் கையை நீட்டிக் கதை சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மனிதரை, நடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம், கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அவருடைய தொழில் என்ன என்பதே தெளிவாகத் தெரியும். ஊரைக் காட்டுவதுதான் அவர் தொழில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நிற்க இடம் பார்த்துக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

அவருடைய நோட்டைப் புரட்டினால் இது புரிந்துவிடும். முதல் பக்கத்திலேயே 2 மணி நேரம், 1.5 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். தனி ஆள் இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தூரம். மிச்சம் நூறு நிமிடமும் நிற்கத்தான். ஆகவே அவர் ஊருக்குள் போனதும் கோபுரத்தைத் தேடுவதில்லை, நிழலைத் தேடுகிறார். காலை ஏழு மணிக்குத் தெருவின் எந்தப் பக்கம் வெயில், ஒன்பது மணிக்கு எந்தப் பக்கம், எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டரைத் தூக்கும், எந்தப் படிக்கட்டில் ஆறு பேர் உட்கார்ந்தாலும் முதலாளி முறைக்கமாட்டார், எந்த ஓட்டலில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கழிப்பறை கேட்கலாம் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். ஆயிரம் வருடத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்து, அதன் எதிரே நிற்க நிழலில்லை என்றால், கல்வெட்டை அடித்துவிட்டுப் புளியமரத்தைச் சேர்த்துக்கொள்வார். வரலாற்றாசிரியர்களுக்கு இது நெஞ்சு பொறுக்காது. ஆனால் மே மாதம் நடுரோட்டில் நின்று சோழர் காலத்தைப் பற்றிக் கேட்கிறவரின் மனசு சோழர்களிடம் இருக்காது, மோர்ப்பந்தலில் இருக்கும்.

வாடிக்கையாளர்களில் இரண்டே சாதி: கம்பெனி, குடும்பம். கம்பெனியிலிருந்து முதலில் பேசுவது மனிதவள அதிகாரி. அவருக்கு ஊர் வேண்டாம், 'டீம் பில்டிங்' வேண்டும், பேனர் வேண்டும், கடைசியில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கும் குரூப் போட்டோ வேண்டும். கம்பெனி நடையின் வேகம் மேலாளரின் வேகம். அவருக்கு போன் வந்தால் பதினைந்து பேரும் நிற்பார்கள். அவர் சிரித்த பிறகுதான் நடைக்காரரின் நகைச்சுவைக்குச் சிரிப்பு வரும். குடும்ப நடையின் வேகம் அந்த வீட்டிலேயே அதிகம் வலிக்கிற முழங்காலின் வேகம். "இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?" என்று பாட்டி கேட்பார். "இதோ வந்தாச்சும்மா" என்பது ஒப்பந்தத்தில் எழுதாத நிரந்தரப் பதில். இரண்டு தரப்புக்கும் பொதுவான தலைவலி ஆள் எண்ணிக்கை. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்குக் காது கேட்காது, காது கேட்காதவர்கள் செல்ஃபி எடுக்கத் தொடங்குவார்கள், செல்ஃபி எடுப்பவர்கள் தொலைந்துபோவார்கள். இந்த மாவட்டத்துத் திருக்கோவிலூர் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது. மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்பார்கள். நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கியதும் அது பெருமாள் என்று தெரிந்தது. குடும்ப நடையிலும் பெயர் கொடுக்காமல் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குவார். அவர் மச்சானாக இருப்பார்.

அதே ஊரின் உலகளந்த பெருமாளை நடைக்காரர்கள் தங்கள் குலதெய்வமாக ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பது வியப்புதான். உலகம் முழுவதையும் மூன்றடியில் முடித்த குறுநடை வேறு யார் போயிருக்கிறார்கள்? ஆனால் யோசித்தால் காரணம் விளங்கும். அந்த நடையில் மூன்றாவது அடிக்கு இடம் பார்த்துவைக்கவில்லை, கடைசியில் வாடிக்கையாளர் தலையில் வைக்க வேண்டியதாயிற்று.

முதல் ஆட்சேபம் உள்ளூர்க்காரர்களிடமிருந்தே வரும்: கள்ளக்குறிச்சியில் பார்க்க என்ன இருக்கிறது? பஸ் நிலையம் இருக்கிறது, அரிசி மண்டி இருக்கிறது, நாலு பக்கமும் ரோடு இருக்கிறது; துருகம் சாலை, சேலம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயபாளையம் சாலை என்று வெளியே போகிற வழிகளுக்குத்தான் பெயரே. இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கப் போவதில்லை, அதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். பார்க்க ஒன்றுமில்லாத ஊர்தான் குறுநடைக்குச் சரியான ஊர். பெரிய கோபுரம் இருக்கும் ஊரில் கூட்டம் நேரே அதற்குத்தான் போகும், தெருவைப் பார்க்காது. இங்கே தெருவைத் தவிர வேறு வழியில்லை. பெயர்ப்பலகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993 செப்டம்பர் 30 வரை இந்த ஊர் தென்னார்க்காடு மாவட்டம். அன்றிலிருந்து விழுப்புரம் மாவட்டம், அதுவும் தொடக்கத்தில் ராமசாமி படையாட்சியார் பெயரோடு. 1997-இல் தலைவர்கள் பெயர்களையெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது வெறும் விழுப்புரம் ஆயிற்று. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம், மாநிலத்தின் 34-ஆவது. வீட்டை விட்டு நகராமலேயே கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இத்தனை விலாசம் மாறிய பெரியவரிடம் பேசலாம், பலகையில் 'மாவட்டம்' என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். கல்வெட்டு படிப்பதும் இதே வேலைதான். இதற்குக் கழுத்து வலிக்காது.

ஆனால் நடைக்காரரின் துருப்புச்சீட்டு மரச்சிற்பப் பட்டறை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் மூன்று பக்கமும் இந்தத் தொழில் நடக்கிறது. கம்பெனிக் கூட்டம் உள்ளே வரும்போது பேச்சும் போனும் சேர்ந்தே வரும். காகிதத்தில் வரைந்த உருவத்தை வாகைப் பலகையின் மேல் பதித்து, வேண்டாத பகுதியைக் கொத்திக்கொண்டிருப்பார் ஒருவர். கொட்டாப்புளி உளியின் தலையில் விழுகிறது, மரச்சுருள் ஒன்று எழுந்து சுருண்டு முழங்காலில் விழுகிறது. தும்பிக்கை வளைகிற இடத்தில் அடியின் ஓசை மாறுகிறது. மரத்தின் ரேகை அங்கே திசை மாறியிருக்கிறது, உளியும் சரிவை மாற்றிக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் மேலாளரே போனை சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். நிழல் இருக்கிறது, உட்கார மரக்கட்டைகள் இருக்கின்றன, பார்க்க ஒரு கை இருக்கிறது. இங்கே நடைக்காரருடைய முழுத் திறமையும் வாயை மூடிக்கொள்வதில்தான். மோசமான நடைக்காரர் இந்த இடத்தில்தான் விளக்கவுரை தொடங்குவார். "சார், இதையே நாங்க பத்துப் பீஸ் ஆர்டர் பண்ணா எவ்ளோ குறைப்பீங்க?" என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குச் சிற்பி தலையைத் தூக்காமலே சொல்லும் பதில், அந்த மனிதவள அதிகாரி எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டிராத பாடமாக இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் பலமானது. பக்கத்திலேயே கல்வராயன் மலை இருக்கும்போது பலகையையும் பட்டறையையும் எதற்குப் பார்க்க வேண்டும்? பெரியார் நீர்வீழ்ச்சி இருக்கிறது, மேகம் நீர்வீழ்ச்சி இருக்கிறது, கரியாலூரில் படகும் பூங்காவும் இருக்கின்றன. இருக்கின்றனதான். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ரோடும் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறினால், '2 மணி நேர நடை' என்று அச்சடித்த நோட்டீஸின் பெரும்பகுதி வேனில் கழியும். நடக்கும் பகுதி, வேனை நிறுத்தி வாந்தி எடுக்கப் போகும் பிள்ளையோடு ஓரம் வரை. மேகம் அருவிக்குக் காட்டுவழியில் இறங்கி ஏற வேண்டும். பாட்டியிடம் 'இதோ வந்தாச்சும்மா' என்று அங்கே சொன்னால் அது பொய்ச்சாட்சியம். கோடையில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் நிறைய வந்தால் வனத்துறை குளிக்க விடாது. இடைப்பட்ட நாளில் போனால் அங்கே மாநிலமே இருக்கும். எல்லாம் இருக்கிற மலை குறுநடைக்காரரைத் தோற்கடித்துவிடுகிறது என்பதே என் வாதத்தின் மறுபாதி. முழுநாள் ஒதுக்கி, நல்ல காலணி போட்டு, மலையை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. அவர்கள் தாராளமாகப் போகட்டும்.

தோற்கும் நடைக்காரர் அப்போது நோட்டீஸில் ஒரு வரி சேர்ப்பார்: 'பழங்குடி மக்களின் வாழ்க்கையை நேரில் காணலாம்.' நகைச்சுவையைச் சற்று ஓரம் வைக்க வேண்டிய வரி இது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. அங்கே சாமை விதைத்துக்கொண்டிருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் கேட்க வேண்டியிருக்கிறது, பார்வையாளர்கள் அல்ல. பட்டறைச் சிற்பியைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. அவர் விற்கிற பொருளைச் செய்கிறார், வாங்கக்கூடியவர்கள் வந்து பார்க்கிறார்கள். இவர்கள் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். மலைவழி காட்டும் கலையை நம்முடைய முன்னோர் வேறு மாதிரி செய்தார்கள். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் இருக்கிறது. சங்ககாலத்தில் அதை ஆண்ட நன்னனின் ஊருக்குக் கூத்தர்களை வழிப்படுத்துகிற மலைபடுகடாம் என்ற பாட்டு 583 அடி. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் வீசுகிற கவண்கல் எப்படி வரும், எங்கே பாம்பு, எங்கே வழுக்கும், எந்தக் குடியில் என்ன சோறு போடுவார்கள் என்று ஒன்று விடாமல் அது சொல்லிவிடுகிறது. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்வதால் அதில் ஆபத்து ஒளிவுமறைவில்லாமல் வருகிறது. இன்றைய நோட்டீஸில் ஆபத்து, மிகச் சிறிய எழுத்தில், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று கடைசியில் வருகிறது.

இன்னொரு கேள்வி நடக்கும்போதே வரும், பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, தணிந்த குரலில்: "சார், அந்தக் கருணாபுரம் எங்க?" 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது அந்தச் சாவுகளின் மையமாக இருந்த இடம் இந்த நகரத்துக்குள்தான். ஊரின் உண்மையைக் காட்டாத நடை ஒரு ஏமாற்று என்று இங்கே வாதாடலாம். அதில் பாதி நியாயம் உண்டு. கேள்வியைக் காதில் வாங்காதது போல அடுத்த நிறுத்தத்துக்கு ஓடுகிற நடைக்காரர் உண்மையில் ஏமாற்றுக்காரர்தான். ஆனால் அந்தத் தெருவுக்கே கூட்டத்தைத் திருப்புகிறவர் அதைவிட மோசம். நின்று, நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி, 'அங்கே போகப் போவதில்லை' என்று ஐந்தாவது வாக்கியமும் சொல்கிறவர்தான் தேர்ந்தவர். இந்தத் தொழிலின் மூதாதை தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனது மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான். பிறகு வந்த சுற்றுலாக்காரர்கள் அந்த நோக்கத்தை வழியிலேயே தவறவிட்டுவிட்டார்கள்.

கடைசி ஆட்சேபம் காசு. தினமும் காய்கறி வாங்க நடக்கிற தெருவில் நடக்க எதற்குப் பணம்? கணவர் இதைக் கேட்கும் தொனி எல்லா ஊரிலும் ஒன்றே. சும்மா நடக்கக் காசு கேட்டால் தவறுதான். ஆனால் அந்தத் தெருவில் அவர் கடைசியாக எப்போது நின்றார்? நின்றால் பின்னால் பைக் ஹாரன் அடிக்கும், தெரிந்தவர் வந்து "என்ன சார், வண்டி பஞ்சரா?" என்பார். காரணமில்லாமல் நிற்கிற மனிதனை நம் ஊர் சும்மா விடாது. பதினைந்து பேரோடு, ஒரு குடையின் கீழ், விசில்காரர் ஒருவரின் பொறுப்பில் நின்றால் மட்டும் விட்டுவிடுகிறது. கட்டணம் அந்த அனுமதிக்கு. கூடவே டீக்கும். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்த குடும்பத்துக்குப் பதின்மூன்று டீ வரும்போது நடைக்காரர் மச்சானை ஒரு பார்வை பார்ப்பார். மச்சான் பிஸ்கட்டும் கேட்பார். "அப்படியே ஓரமா வாங்க, சார், பஸ் வருது" என்று கூட்டம் நகர்ந்து முனை திரும்பியதும், கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பலகையைப் பழைய இடத்தைவிட ஒரு அடி முன்னால் தள்ளி வைப்பார்.