தறி நின்றால் தெரிந்துவிடும்

நெசவாளி வீட்டில் திருட்டுத்தனமாகப் பாட்டுக் கேட்க முடியாது. தறி ஓடினால் பாட்டு காதில் விழாது; தறி நின்றால் சமையலறைக்குத் தெரிந்துவிடும். தெள்ளாரில் குழித்தறிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி 'வொண்டர்வால் மியூசிக்' கேட்கத் துணிந்த எனக்கு இது தெரியாதா? ஆனாலும் ரசிகன் ஆயிற்றே!

ஜார்ஜ் ஹாரிசன் செய்த ஆல்பம். பீட்டில்ஸ் இசைக்குழுக்காரர் ஒருவர் தன் பெயரில் தனியாகப் போட்ட முதல் ஆல்பம், ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம் என்று பெருமைகள் உண்டு. 1968 நவம்பர் முதல் தேதி வந்தது. அதே மாதம் 22ஆம் தேதி பீட்டில்ஸின் வெள்ளை அட்டை ஆல்பம் வந்துவிட்டது. ஊர்த் திருவிழா அன்று காதுகுத்து வைத்தவன் கதிதான் ஹாரிசனுக்கு. போதாக்குறைக்கு, இதில் வாய்விட்டுப் பாட ஒரு பாட்டும் கிடையாது, பெரும்பாலும் வாத்தியம்தான்.

பாதி லண்டனில் பதிவானது. மீதி, அந்த வருட ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில். ஆஷிஷ் கான் சரோட், சிவகுமார் சர்மா சந்தூர், மகாபுருஷ் மிஸ்ரா தபலா. வாசித்தவர்கள் மகாவித்வான்கள், சுவர்கள்தான் சரியில்லை. தெருவில் போகும் டாக்சி சத்தமெல்லாம் உள்ளே வரும். மாலை 5.30க்கு ஆபீஸ் விட்டு எல்லாரும் படியில் திமுதிமுவென்று இறங்குவார்கள். ரெக்கார்டிங்கை நிறுத்திவிட வேண்டியதுதான். ஹாரிசனே சொன்னது.

இதை அறிந்ததும், என் வீட்டுக்கென்றே செய்த ஆல்பம் இது என்று முடிவு கட்டினேன். குக்கர் விசில், மீன் வண்டிக்காரரின் மைக், பக்கத்து வீட்டு ஜக்கார்டு தறி எல்லாம் கலந்த பிறகு எது பம்பாய், எது தெள்ளார் என்று யாரால் பிரிக்க முடியும்? 'கத் கீர்வாணி' மட்டும் பிடிபட்டது. நம் 21ஆவது மேளகர்த்தா கீரவாணிதான் வடக்கே போய்ப் பெயரைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

பின்னால் 'கிரையிங்' என்று ஒன்று வரும். வினாயக் வோரா வாசித்த தார் ஷெனாய். பெயர்தான் ஷெனாய், உண்மையில் வில்லால் இழைக்கும் தந்தி வாத்தியம். மனுஷர் அதைக் கதறக் கதற அழவிட்டிருக்கிறார். சொக்கிப்போய் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினேன். எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாப்பா ஆச்சு? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல பெரிம்மா. சினிமா மியூசிக் கேக்கறாரு" என்று என் மனைவி வெளியே வந்தாள். "அப்பிடி இன்னாங்க படம் அது?"

ஜோ மாசோட் எடுத்த 'வொண்டர்வால்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வயதான விஞ்ஞானி ஒருவர், சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக வரும் நடிகை ஜேன் பர்கினைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று கதையையும் சொல்லித் தொலைத்தேன். பெரியம்மாவின் துக்கம் சட்டென்று வேறு முகபாவமாக மாறியது. மனைவி, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

பேச்சை மாற்ற, பம்பாய் ஸ்டூடியோ, டாக்சி, படிக்கட்டு, 5.30 எல்லாவற்றையும் அவசரமாக எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஆபீஸ்காரங்க எதுக்கு அப்பிடி வுழுந்தடிச்சி ஓடனாங்கன்னு இப்பதான் புரியுது" என்றாள். "தறிய ஓட்டுங்க."