0 பதிவுகள் வெற்றிகரமாக ஏற்றப்பட்டன

அனுப்புநர்:
வகுப்பாசிரியை,
10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு.
(கடைசிப் பெயர் இல்லாததால் என் பெயரைத் தங்கள் தளம் ஏற்கவில்லை. எனவே இங்கும் எழுதவில்லை.)

பெறுநர்:
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு,
எங்கள் பள்ளி சந்தா கட்டும் மதிப்பெண் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: காலாண்டு மதிப்பெண்களை ஏற்றியது தொடர்பாக நன்றி தெரிவித்தல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில் எங்கள் கரஸ்பாண்டென்ட் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சிஸ்டம் தப்பு பண்ணாது மிஸ். நீங்க ஏத்துனதுலதான் ஏதோ கோளாறு." ஒரு பெண்ணின் ரேங்க் கார்டில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் கணக்கு மார்க் அச்சாகியிருந்தது. அவள் அம்மா அதைக் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். இத்தனை வருட சர்வீஸில் என் வார்த்தைக்குக் கிடைக்காத நம்பிக்கை, வந்து ஓராண்டுகூட ஆகாத தங்கள் சிஸ்டத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு முதற்கண் வாழ்த்துகள்.

முதல்முறை ஃபைலை ஏற்றியபோது திரையில் பெரிய பச்சை டிக் வந்தது. அதன் கீழே: "0 பதிவுகள் வெற்றிகரமாக ஏற்றப்பட்டன. சில வரிசைகளில் பிழை உள்ளது." எந்த வரிசை, என்ன பிழை என்றெல்லாம் சொல்லி எங்கள் மூளையைச் சோம்பேறியாக்காத தங்கள் பெருந்தன்மையை என்னவென்பது! அன்றிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் எதிலும் தோல்வி கிடையாது. தமிழ் ஐயா பஸ்ஸை வெற்றிகரமாகத் தவறவிடுகிறார். பி.டி. மாஸ்டருக்கு இன்கிரிமென்ட் வெற்றிகரமாக வரவில்லை.

பிழை எங்கே என்று நாங்களே துப்பறிந்தோம். தங்கள் தளத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயமாம். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு பெயர், அதன் முன்னால் ஓர் இனிஷியல். அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்துப் பார்த்தோம். சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை என்றது. இனிஷியலைப் போட்டோம், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டோம். இப்போது தங்கள் செயலி எங்கள் வகுப்புப் பெண்களை "அன்புள்ள முருகேசன்" என்று விளித்து, இன்னும் கடினமாக உழைக்கச் சொல்கிறது. குறைபட்டுக்கொள்ளவில்லை. மனித மரபணுக்களுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டதால், பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவைத்தது. விஞ்ஞானிகளே வளைந்து கொடுத்த இடத்தில் 'ஆ' பிரிவு எம்மாத்திரம்?

அடுத்தது பிறந்த தேதி. தங்களுக்கு மாதம் முதலில் வர வேண்டும்; எங்களுக்கு நாள் முதலில். 12-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களைத் தளம் ஏற்கவே இல்லை. ஜூன் 5-இல் பிறந்த பையனை மறுபேச்சில்லாமல் ஏற்று, மே 6-க்கு மாற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளைக்கு ஹெட்மாஸ்டரே ஒரு பிறந்த தேதி போட்டுக் கொடுப்பார். அழிந்துகொண்டிருந்த அந்த மரபைத் தொழில்நுட்பத்தால் மீட்டிருக்கிறீர்கள்.

எப்படியோ ஃபைல் ஏறியது. எல்லாப் பதிவும் வெற்றி. மைக் வரைக்கும் போன விவகாரம் அங்கேதான் பிறந்தது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு எமிஸ் எண், அதாவது அரசு தரும் மாணவர் அடையாள எண், 16 இலக்கம். தாங்கள் தரும் மாதிரி ஃபைலோ சி.எஸ்.வி. அதைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் எக்செல்லில்தான் திறக்க முடியும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் அப்படியே வைத்துக்கொள்ளும். 16-ஆவதை 0 ஆக்கிவிடும். கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்தாலும் சி.எஸ்.வி. அந்த மாற்றத்தை நினைவில் வைக்காது; மூடித் திறந்து மறுபடி சேமித்தால் கடைசி இலக்கம் போய்விடும். மென்பொருள் எழுதும் யாருக்கும் இது புதுச் செய்தி அல்ல. அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்ட அந்த இரண்டு பெண்களின் எண்ணிலும் கடைசி இலக்கம் மட்டுமே வேறு. அது 0 ஆனதும் தங்கள் கண்ணுக்கு இருவரும் ஒருத்தியாகிவிட்டார்கள். பின்னால் வந்தவளின் மார்க், முன்னால் இருந்தவளின் மார்க்கை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குள் பேதம் பார்க்கக் கூடாது என்று நாங்கள் அசெம்பிளியில் பேசுவதோடு சரி. தாங்கள் வெற்றிகரமாக அமல்படுத்திவிட்டீர்கள்.

அறிவியல் தேர்வன்று ஒரு பெண் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுதியிருக்கிறேன். தங்கள் கட்டத்தில் எழுத்துக்கு இடமில்லை, எண் மட்டும்தான். காலியாக விட்டேன். காலியைத் தளம் தானாகவே 0 ஆக்கியது. இரவு 9 மணிக்கு 'கவனம் தேவைப்படும் மாணவர்கள்' என்று ஒரு பட்டியல் தானாகவே எல்லாப் பெற்றோரின் போனுக்கும் போனது. முதல் பெயர் அவளுடையது. அறிவியல் 0/100, தேர்ச்சி இல்லை. மறுநாள் வகுப்பில் அவளை 'சைபர்' என்று கூப்பிட்டார்கள். பரீட்சை எழுதாத பிள்ளைக்கும் எழுதித் தோற்ற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் உங்களில் ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? பதினைந்து வயசுப் பொண்ணுய்யா அது. அவள் அழுதது உங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. அவள் அம்மாவுக்குப் பதில் சொல்ல நீங்களும் வரவில்லை, உங்கள் சிஸ்டமும் வரவில்லை. நான்தான் நின்றேன்.

மன்னிக்கவும். மேற்கண்ட பத்தி வெற்றிகரமாக எல்லை மீறிவிட்டது.

இதையெல்லாம் தங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். விரைந்து பதில் வந்தது: "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் புகார் வெற்றிகரமாக மூடப்பட்டது." இத்தனைக்கும் மார்க் ரிஜிஸ்டரைக் கையால் எழுதும் வேலை நின்றபாடில்லை. "சிஸ்டத்துல இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டும் மிஸ்" என்கிறார் ஹெச்.எம். சிஸ்டம் தப்பு பண்ணாது என்று கரஸ்பாண்டென்ட் நம்புகிறார். பண்ணும் என்று ஹெச்.எம். நம்புகிறார். இரண்டு நம்பிக்கைக்கும் எழுதிக் கொடுப்பது நான்.

அரையாண்டு நெருங்குவதால் சில பணிவான விண்ணப்பங்கள். சி.எஸ்.வி.க்குப் பதிலாக, எமிஸ் எண்ணுக்கான கட்டங்களை முன்பே டெக்ஸ்ட் ஆக்கிவைத்த எக்செல் ஃபைல் ஒன்று தாருங்கள். ஒரே எண்ணில் இரண்டு பெயர் வந்தால் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். இனிஷியலோடு பிறந்தவர்களையும் மனிதர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வரவில்லை' என்று எழுத ஓர் இடம் விடுங்கள். நாங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எந்த வீட்டுக்கும் எதையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வகுப்பாசிரியை.

இணைப்பு: காலாண்டு மதிப்பெண்கள், லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதியது, முழு வகுப்புக்கும். இனி தாங்களே ஏற்றிக்கொள்ளவும். தங்கள் தளத்தில் இப்போது இருப்பதோடு ஒப்பிட்டால் சில வரிசைகள் ஒத்துப்போகாது. எந்த வரிசைகள் என்று தெரிவிக்கும் வசதி எங்களிடமும் இல்லை.