ஏ-போட்டி அண்ணை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊருக்கு ஒரு பிள்ளையார் கோயில், ஒரு சனசமூக நிலையம், ஒரு ஏ-போட்டி அண்ணை என்பது கணக்கு. வேலணையில் உண்டு. ஊர்காவற்றுறையில் உண்டு. புங்குடுதீவில் இரண்டு பேர் இருந்து, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லை. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வளவுக்குள் கிடுகுக் கொட்டிலின் கீழே, பழைய வேட்டியால் முகம் மூடி ஓர் ஒஸ்ரின் ஏ-40 நிற்கும். அது அங்கே நிற்கிற ஒரே காரணத்தால், உலகத்தில் ஓடுகிற, ஓடப்போகிற எல்லாக் கார்களைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் உரிமை இவருக்கு வந்துவிட்டது.

கார் அப்பர் காலத்தது. அப்பர் கொழும்பில் கடை வைத்திருந்தவர்; தீவாரில் பாதிப்பேருடைய கதை அதுதான். வருமானம் வந்ததும் கல்வீடு, அதற்கடுத்து ஒஸ்ரின். 1947 முதல் 1952 வரை இங்கிலாந்தில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்த டெவன் என்ற வகை, 1200 சி.சி. எஞ்சின். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கையொன்று எழும்பி வெளியே நீட்டும். வலப்பக்கக் கை இன்னும் எழும்புகிறது. இடப்பக்கக் கையை உள்ளிருந்து குத்திவிட வேண்டும். அதனால் அண்ணை இடப்பக்கம் திரும்புவதைக் கூடியவரை தவிர்ப்பார்.

இலக்கத் தகட்டில் அவருக்குத் தனிப் பெருமை. 1957இல் வாகன இலக்கங்களில் சிங்கள ஸ்ரீ வந்ததும், தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இறங்கியதும், 1958இல் நாடு முழுக்க எழுத்துகளை அழிக்கத் தார்ச்சட்டியோடு ஆட்கள் அலைந்ததும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அண்ணையின் கார் அதற்கு முந்தியது. இலக்கம் இங்கிலீசு எழுத்தில் தொடங்கும். “தார் பூசத் தேவையில்லாத கார், தம்பி” என்று அவர் சொல்லும்போது, அந்தப் போராட்டமே தன் காரைப் பார்த்துப் பொறாமையில் நடந்தது போல இருக்கும்.

“எல்லாம் ஒறிஜினல்” என்பது அடுத்த வசனம். கேட்டுக்கொண்டிருக்கலாம், குனிந்து பார்க்கக் கூடாது. காபரேற்றர் மொறிஸ் மைனரின் உறவு. டைனமோ இருந்த இடத்தில் யப்பான்காரன். ஹோர்ன் சீனா. கடற்காற்றில் கறள் தின்ற கதவின் கீழ்ப்பாதி, சுன்னாகத்து ரிங்கர் ஒருவர் எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தில் அடித்துக் கொடுத்தது. இலக்கத்தையும் மண்ணெண்ணெய் மணத்தையும் தவிர வேறெது லோங்பிரிட்ஜிலிருந்து வந்தது என்பது எனக்குச் சந்தேகம். மண்ணெண்ணெய் மணமும் லோங்பிரிட்ஜில் இருந்து வந்ததல்ல.

அது 1990 ஆனியில் வந்தது. போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. அடுத்த ஐந்து வருடமும் குடாநாடு மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அண்ணையின் கச்சேரியில் உச்சக் கட்டம் இதுதான். கதையாகச் சொல்லமாட்டார், எழும்பி நடித்தே காட்டுவார். பொனற்றைத் திறந்து ஒரு கம்பியால் முட்டுக் கொடுப்பார். மடியிலிருந்து மருந்துப் போத்தலொன்றை எடுப்பதுபோல எடுப்பார். அதற்குள் இருப்பது பெற்றோல்; அன்றைக்கு அது மருந்தைவிட அருமை. காபரேற்றருக்குள் சில துளி. முன்னுக்குக் கம்பி விட்டு ஒரு சுழற்று. எஞ்சின் இருமும், உறுமும், சூடேறும். சரியாக அந்தக் கணத்தில் சேலைன் ரியூப் வழியே வருகிற மண்ணெண்ணெயை மெல்லத் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் நின்றுவிடும், பிந்தினால் மருந்து தீர்ந்துவிடும். பிறகு வெள்ளைப் புகை. பின்னால் சைக்கிளில் வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேச்சு. நிறுத்துவதற்கு முன்னும் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுநாள் ஸ்ராட் ஆகாது.

அது ஏன் ஓடியது என்றும் சொல்லுவார், அதில் பிழை இருக்காது. பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. மட்டமான எரிபொருளை ஊற்றினாலும் பெரிதாக இடிக்காமல் எரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இன்றைய எஞ்சினுக்கு இதைக் கொடுத்தால் தட்டித் தட்டியே செத்துப்போகும். கொட்டிலுக்குள் நின்று இந்த மனிதர் சொன்னதை எந்தப் பொறியியல் பீடத்திலும் சொல்லலாம். அவருடைய அபிப்பிராயங்களை நான் நகைத்தாலும் அறிவை நகைப்பதில்லை.

மின்சாரக் கார் மீது அவருக்குள்ள பகையும் அந்தத் தடைக் காலத்திலிருந்துதான் கிளம்புகிறது. “90இல கொழும்பு மறிச்ச சாமான்ர பட்டியல் ஞாபகமோ? பெற்றோல், சவுக்காரம், மெழுகுதிரி... பற்றறி! ரேடியோவுக்குப் போடுற பற்றறிகூட வரவிடேல்லை. சைக்கிளை மிதிச்செல்லோ செய்தி கேட்டனாங்கள். நீர் இப்ப ஒரு காரையே பற்றறியில ஓட்டலாம் எண்டுறீர்.” உலகத்தில் மின்சாரக் காருக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்களில் இது ஊர்காவற்றுறையில் மட்டுமே விளையக்கூடியது.

இவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் ஆனி மாதத்தில், நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு, குறிகட்டுவான் இறங்குதுறையில் பார்க்க வேண்டும். கார் படகில் ஏறாது. கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சனம் காரைக் கரையில் விட்டுவிட்டுத்தான் அம்மனிடம் போக வேண்டும். ஆகவே வெய்யிலில், உப்புக் காற்றில், இலங்கையின் அன்றைய வாகனச் சந்தை முழுவதும் வரிசையாக நிற்கும். அண்ணை வரிசையின் ஒரு முனையில் தொடங்குவார். ஒவ்வொரு பொனற்றையும் விரல் மொளியால் ஒரு தட்டு. “தகரம்.” அடுத்தது. “தகரமுமில்லை, பிளாஸ்ரிக்.” நிசான் லீவ் ஒன்றின் முன் நின்று, “உது 2014, 15இல வரி குறைய எண்டு எல்லாரும் விழுந்தடிச்சு வாங்கினது. இப்ப பற்றறி களைச்சு பண்ணைப் பாலத்தையே நினைச்சுப் பயப்பிடுது” என்பார். மனைவி படகிலிருந்து, “இஞ்சருங்கோ, படகு வெளிக்கிடப் போகுது!” என்று கூப்பிடுவார். அண்ணை அடுத்த படகில் வருவார். அம்மன் அவரைப் பொறுத்துக்கொள்கிறாள்.

2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் மறுபடி திறந்தது. ஐந்து வருடப் பசியோடு சனம் பாய்ந்ததில், குறிகட்டுவான் வரிசையிலும் பி.வை.டி. என்ற சீன மின்சாரக் கார்கள் முளைத்துவிட்டன. அதே வருட நடுவில் பி.வை.டி. அற்றோ 3 காரின் மோட்டார் 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் பிணக்கு. வரி மோட்டார் வலுவைப் பொறுத்தது என்பதால் கார்கள் தேங்கி நிற்க, விசயம் நீதிமன்றம் வரை போனது. அண்ணைக்கு அந்த மாதம் முழுக்கப் பெருநாள். “என்ர காருக்கு எத்தினை குதிரையெண்டு பேரிலேயே கிடக்கு. நாப்பது! சுங்கத்துக்கும் வேலையில்லை, அப்புக்காத்துக்கும் வேலையில்லை.”

அவருக்கு நேர் எதிராளி மருமகன். ஒஸ்லோவிலிருந்து வருவார், வரும்போதெல்லாம் ரெஸ்லாவோடு வருவார், வாயில்தான். “மாமா, 2024இல நோர்வேயில வித்த புதுக் கார் நூறில எண்பத்தொன்பது மின்சாரக் கார்.” கணக்குச் சரி. மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பார்: “நோர்வே எண்ணெய் விக்கிற நாடெல்லோ?” “ஓம் மாமா.” “அப்ப சரி. சாப்பாட்டுக் கடை முதலாளியும் வீட்டுச் சோறுதான் தின்னுறவர்.” மருமகன் விடமாட்டார். மின்சாரக் கார் புதுசல்ல, நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் ஓடியது, ஹென்றி போர்ட்டின் மனைவியே ஓட்டியது டிற்றோயிற் எலக்ரிக் என்ற மின்சாரக் கார்தான் என்பார். “போர்ட்டின்ர மனிசியே போர்ட் ஓடேல்லையோ! நான் அப்பவே சொன்னனான், ஒஸ்ரின்தான் எண்டு.”

ஒரேயொரு வாதத்தில் அவரை மடக்க முடிவதில்லை. நெடுந்தீவுக்குத் தேசிய மின்வலை போகவில்லை. அங்கே மின்சாரம் டீசல் ஜெனரேற்றரில் பிறக்கிறது. “அப்ப நெடுந்தீவில ஓடுற மின்சாரக் கார் டீசல் காரோ, இல்லையோ?” நியாயமான கேள்வி. ஆனால் டீசலும் படகேறித்தான் அங்கே போகிறது, வெய்யில் போவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றறி சேர்ந்த மின்திட்டம் முதலில் சீன நிறுவனமொன்றுக்கு என்று முடிவாகி, இந்தியா முகஞ்சுளித்து, கடைசியில் 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் 2024 பங்குனியில் ஒப்பந்தமானது. இரண்டு வல்லரசுகள் பிடுங்குப்பட்ட அந்த மின்சாரத்தில் ஓட ஏற்ற வாகனம் எது என்று என்னைக் கேட்டால், மின்சார ஓட்டோதான் என்பேன். ஏற்றமில்லை, இறக்கமில்லை, தூரமில்லை. தீவுகளைப்போல மின்சார வாகனத்துக்கென்றே பரப்பிவைத்த தரை இலங்கையில் வேறெங்கும் இல்லை. இதை அண்ணையிடம் சொன்னேன். “நல்லது. பழுதானால் ஆர் திறக்கிறது?” என்றார்.

மற்றதெல்லாம் வாய்ச் சவடால், இதுதான் அவருடைய உண்மையான கேள்வி. ஒஸ்ரினை அவர் காதலிப்பது அழகுக்காக அல்ல, வேகத்துக்காக நிச்சயம் அல்ல. ஒரு திருப்புளியும் ஒரு குறடும் ஒரு மருந்துப் போத்தலும் இருந்தால் அதை அவரே திறந்து பூட்டலாம். தீவு இடம்பெயர்ந்தபோது அது யாழ்ப்பாணம் வந்தது, 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரி போனது, பிறகு திரும்பியும் வந்தது. அத்தனை பயணத்திலும் கொம்பனிக்காரனை ஒருதரம் கூப்பிடவில்லை. மின்சாரக் காரை விற்கிறவர்கள் கிலோமீற்றரையும் வரியையும் பேசுகிறார்களே தவிர, வேலணையில் அதைத் திறக்கத் தெரிந்த ஒரு பெடியனைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த இடத்தில் நான் அண்ணையின் கட்சி. ஆனால் கிடைக்கிறதைக் குடித்து ஓடு என்று ஓர் ஒஸ்ரினுக்குப் பழக்கின மனிதர், கூரையில் காய்கிற வெய்யிலைக் குடித்து ஓடுகிற காரைப் பழிப்பது எந்த ஊர் நியாயம் என்பதையும் அவரிடம் கேட்டேன். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

அவர் வாயடைத்து நான் பார்த்தது ஒரே முறை. குறிகட்டுவான் வரிசையில் ஒரு எம்.ஜி. மின்சாரக் கார். எம்.ஜி. என்றால் மொறிஸ் கராஜஸ். ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே குடும்பமானவை. ஆசையோடு பொனற்றைத் தடவினார், தட்டவில்லை. அந்தப் பெயர் இப்போது சாங்காய்க் கொம்பனியினுடையது என்று காரின் சொந்தக்காரர் விளக்கியபோது, படகு புறப்பட முதலே போய் ஏறி இருந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாவம். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்தபோது, பதிந்த காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. அண்ணை முதல் ஆளாய் ஒஸ்ரினுக்குக் கியூ.ஆர். எடுத்தார். மகனுடைய மோட்டார்சைக்கிளும் அயலாருடையதும் அதில் ஓடின. கொட்டிலை விட்டு அசையாமலே அந்தக் கார் நாலு குடும்பத்தைச் சுமந்தது. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது மட்டும் அண்ணை ஒருநாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏ-போட்டி அண்ணையின் காரோடு படம் எடுங்கள், கதவைத் திறந்து ஏறி இருங்கள், எவ்வளவு நேரமும் கதை கேளுங்கள். என்ன விலைக்குத் தருவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அவர் விலை சொல்லமாட்டார், 1947இலிருந்து தொடங்குவார். உங்கள் கடைசிப் படகு போய்விடும்.