பூனைகளெல்லாம் நாற்காலிகள்!

ஐ.பி.பி.எஸ் நடத்தும் வங்கி அதிகாரி தேர்வின் முதல்நிலையில், ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சுமார் 34 விநாடி. அதற்குள் வேறோர் உலகத்துக்குக் குடிபோய்த் திரும்ப வேண்டும்.

அந்த உலகத்தில் எல்லாப் பூனைகளும் நாற்காலிகள். சில நாற்காலிகள் மேகங்கள். அப்படியானால் சில பூனைகள் மேகங்களா? பூனை எப்படி நாற்காலியாகும் என்று கேட்பவருக்கு மதிப்பெண் கிடையாது. மேகமான நாற்காலிகளில் ஒன்றுகூடப் பூனையாக இல்லாமல் போகலாம். ஆகவே 'அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது' என்பவரே அறிவாளி.

அங்கே வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். டீ வராது, பஜ்ஜி வராது. ஒருவருக்கு இடப்பக்கம் மூன்றாவதாக யார் என்பது மட்டுமே பிரச்சினை. இன்னொருவர் வடக்கே 3 கிலோமீட்டர், கிழக்கே 4 கிலோமீட்டர் நடந்துவிட்டு, புறப்பட்ட இடம் எவ்வளவு தூரம் என்று நம்மைக் கேட்பார். ஐந்து. அந்த ஊருக்கு ஷேர் ஆட்டோ இன்னும் வரவில்லை. மற்றோர் ஆசாமி போட்டோவைக் காட்டி, "இவனுடைய அம்மா, என் அம்மாவுக்கு ஒரே மகள்" என்பார். கூடப்பிறந்தவள் பிள்ளை என்று சொன்னால் வாய் வலிக்கும் போலிருக்கிறது.

இத்தனையும் தேறி வங்கிக்குள் நுழைந்த பிறகு, "பாஸ்புக் மெஷின் ஏன் சார் ஓடலை?" என்று ஒரு பெரியவர் கேட்பார். அதற்கு மட்டும் விடைக்குறிப்பு கிடையாது.

படிக்கும் தம்பி, தங்கைகளே, பூனையோடு வாதாடாதீர்கள். வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் தாண்டிப் போங்கள். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போய்விடும்.