படி ஏறிய கண்டக்டர்

கேள்வி: காலை முதல் மாலை வரை நாற்காலியில்தான் வேலை. உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை. என்ன செய்வது?

பதில்: நேரம் இல்லாவிட்டால் என்ன, படிக்கட்டு இருக்கிறதே!

ஒரு காலத்தில் லண்டன் மாடி பஸ்ஸில் இரண்டு பேருக்கு வேலை இருந்தது. டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளெல்லாம் ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே ஊர். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஒப்பிட்டு 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு. வந்தாலும் உயிர் பிழைத்தவர்கள் அதிகம். தபால் துறையிலும் அதே கதைதான்: நடந்தும் சைக்கிளிலும் போன தபால்காரர்களின் இதயம், மேஜையிலேயே இருந்த குமாஸ்தாக்களின் இதயத்தைவிட நன்றாக இருந்தது.

டிரைவர்களின் சீருடை இடுப்பளவு வேலையில் சேரும்போதே சற்றுப் பெரிது என்பதையும் மோரிஸே பின்னர் கண்டு எழுதினார். ஆக, முழுப் பெருமையும் படிக்கட்டுக்கு இல்லை. ஆனாலும் அதன் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அசைவின் பக்கமே நிற்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் கைவிட்டது. இரண்டு நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும்.

போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுங்கள். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காதீர்கள். பக்கத்து அறைக்காரருக்கு மெயில் அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். மூட்டுவலி இல்லாதவர்கள் நாளைக்கே லிஃப்டை விட்டுவிடலாம்.