வான் பார்க்கிற மாமா

சம்பூரில் ஒருவர் பழைய வான் வாங்க நினைத்தால் முதலில் காசைத் தேடமாட்டார், மாமாவைத் தேடுவார். காசை லீசிங்காரர் தருவார். மாமாவை எந்த லீசிங்காரரும் தரமாட்டார்.

எந்த மாமா என்று கேட்காதீர்கள். சேனையூரில் ஒருவர் இருக்கிறார், கட்டைபறிச்சானில் ஒருவர், கூனித்தீவில் ஒருவர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் ஊருக்கு ஒருவர் குறையாமல் உண்டு. வயது அறுபதுக்கு மேலே. மடித்துக் கட்டிய சாரம், சட்டைப் பையில் ஒரு டோர்ச். தொழிலுக்கென்று அவர் வைத்திருக்கும் ஒரே சாமான் அந்த டோர்ச்தான். சொந்த வாகனம் ஒரு லுமாலா சைக்கிள். அதற்கும் பின் பிரேக் பிடிக்காது.

“சைக்கிள்காரருக்கு வானைப் பற்றி என்ன தெரியும்?” என்று ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை யாராவது கேட்டால் பொறுக்கமாட்டார்கள். மாமா அந்த நாளில் டிரக்டர் வைத்திருந்தவர். மசி பேர்கசன். 2006 ஏப்ரலில் யுத்தத்தில் குண்டு விழுந்து ஊர் எழும்பி ஓடியபோது விட்டுவிட்டுப் போனது. 2015இல் 818 ஏக்கர், அடுத்த ஆண்டு கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் என்று பறிபோன நிலம் கைக்கு வந்து சனம் திரும்பியபோது டிரக்டரும் இல்லை, அது நின்ற கொட்டிலும் இல்லை, கொட்டில் நின்ற இடமும் அடையாளம் தெரியவில்லை. ஆகவே இன்றைக்குத் திருகோணமலை மாவட்டத்திலேயே ஒரு பழுதும் இல்லாத வாகனம் அந்த டிரக்டர்தான். வருடா வருடம் அதன் குதிரைவலுவும் கொஞ்சம் கூடிக்கொண்டு வருகிறது.

சம்பூராருக்கு வான் எதற்கு என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் மூதூர்ப் பக்கத்தார் திருகோணமலைக்குப் போக லோஞ்ச் ஏறினார்கள். தரைவழி போனவர்கள் ‘பாதை’ என்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றி இறக்கினார்கள். 396 மீற்றர் பாலம் வந்ததும் சொந்த வான் ஆசையும் கூடவே வந்தது. பிறகு அனல் மின் நிலையம். 2006இல் இந்தியாவுடன் பேசி முடித்தது. கட்டினால் என்ஜினியர்மாருக்கு வான் வேண்டும், ஹயருக்கு விடலாம் என்று மனக்கணக்குப் போட்டவர்கள் பலர். “அவசரப்படாத, கட்டத் தொடங்கட்டும்” என்றார் மாமா. பத்து வருடம் கழித்து, 2016இல், திட்டமே கைவிடப்பட்டது. மாமா அதுவரை சொன்னதில் முழுதாகப் பலித்தது அந்த ஒன்றுதான். இப்போது அதே சம்பூரில் சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரல் 5இல் கட்டுமானத் தொடக்க விழாவும் ஆகிவிட்டது, 120 மெகாவாற். மனக்கணக்குகள் திரும்பவும் ஓடுகின்றன. மாமாவின் டோர்ச்சுக்குப் புது பற்றரியும் போட்டாயிற்று.

ஆனால் உண்மையான காரணம் கோயில். வெளிநாட்டில் குசினியும் கட்டிலும் கக்கூசும் வைத்து ஓடுகிற வாகனத்தை மோட்டார் வீடு என்கிறார்கள். எங்களுக்கு அது டொல்பின். டொயோட்டா ஹையேஸ் 1989இல் எடுத்த உருவத்துக்கு இலங்கை வைத்த பெயர். வெருகலுக்கோ கதிர்காமத்துக்கோ புறப்படும்போது பார்க்கவேண்டும்: கூரையில் சட்டி, பானை, விறகு, சீற்றுக்கு அடியில் அரிசி, தேங்காய், சீற்றுகளுக்கு நடுவில் பாய் விரித்து ஆச்சி. குசினி தெருவோரத்து மரநிழல், குளியலறை மாணிக்க கங்கை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் புது வாகனம் வரவில்லை, பழசுக்கு விலை ஏறியது. முப்பது வயது டொல்பினின் சொந்தக்காரர் வாங்க வந்தவனைப் பார்க்கும் பார்வையில் சீதனம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரின் தோரணை ஏறிவிட்டது. இந்த நிலையில்தான் மாமாவின் மவுசு உச்சத்துக்குப் போனது.

வான் பார்க்கும் படலம் இப்படி நடக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விடிய வெள்ளென, முதல் ஸ்டார்ட்டைப் பார்க்கவேண்டும் என்பார்கள் கராஜ்காரர். மாமா சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பத்து மணிக்குத்தான் புறப்படுவார். அதற்குள் விற்பவர் இரண்டு தரம் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார். மாமா வானை மூன்று தரம் சுற்றிவருவார். கற்பூரம் காட்டாத குறை. நாலு சில்லுக்கும் காலால் ஒவ்வொரு உதை. பிறகு, “சீற்றைத் தூக்கு.” டொல்பினுக்கு எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே. நண்பகல் வெயிலில் டோர்ச் அடித்து உள்ளே பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பார்த்து முடிந்ததும் “ம்” என்பார். அந்த “ம்” ஒன்றுக்கே விற்பவர் ஐயாயிரம் குறைத்த சம்பவங்கள் உண்டு.

“ரேஸ் பண்ணு.” புகை வரும். நீலமாக வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளையாக நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். கறுப்பென்றால் டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் பார்க்கவேண்டும். ஒயில் மூடியைக் கழற்றும்போது அடியில் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் எழும்பி வந்துவிடலாம். இதெல்லாம் கராஜ்காரரின் சாத்திரம். மாமாவின் சாத்திரம் ஒரே வரி: “டீசல் வண்டி எண்டா புகைக்கத்தான் செய்யும் மருமகன். புகைக்காட்டித்தான் பயப்பிடோணும்.”

பிறகுதான் ஆபத்தான கட்டம். விற்பவரின் வீட்டில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். வானைக் குடைந்து ஒரு பழுதும் கண்டுபிடிக்காத மாமா, விற்பவரைக் குடைந்து ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார். “நீங்க மூதூரில ஆற்ற மகன்? அப்ப உங்கட பெரியம்மா எங்கட பக்கமெல்லோ கட்டினவ!” முடிந்தது. சொந்தத்துக்குள் விலை பேசமுடியாது. சொந்தக்காரனிடம் வாகனப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்பது மரியாதையும் இல்லை. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது, லீசிங் கொம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா, செசியில் அடித்த இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றா என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். விற்பவரே இன்னொருவரிடம் ஓப்பின் பேப்பரில் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமல் வைத்திருப்பார். அது தெரியவருவது வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க மூதூர்ப் பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றைக்கு.

அப்படியானால் மாமாவை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? பழுது கண்டுபிடிக்க அல்ல. வாங்குவதென்று வீட்டில் என்றைக்கோ முடிவாகிவிட்டது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பிள்ளைகள் யன்னலோரச் சீற்றுக்குச் சண்டை பிடித்து முடித்துவிட்டார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்க நாளும் பார்த்தாயிற்று. குறைவது ஒன்றே ஒன்று: நாளைக்கு அந்த வான் வெருகல் றோட்டில் ஆச்சியோடு நின்றுவிட்டால் ஏசுவதற்கு ஒரு ஆள். வான் ஓடினால், வாங்கியவன் கெட்டிக்காரன். நின்றால், அது “மாமா பார்த்த வான்”.

இது மாமாவுக்கும் தெரியும். அதனால்தான் அவருடைய தீர்ப்புகளை எந்த நீதிமன்றத்திலும் உடைக்கமுடியாது. “ஓடுற வரைக்கும் ஓடும்.” “எஞ்சினில சோலி இல்ல; மற்றது உன்ர ராசி.” “வாங்காதே எண்டு சொல்லமாட்டன், வாங்கு எண்டும் சொல்லமாட்டன், வாங்கினா நல்லம்.”

இந்த மாமா ஒருமுறை சரியான தீர்ப்புச் சொன்னார். கனடாவில் இருக்கிற மருமகன் வீடியோ கோலில் வந்தான். பழைய மோட்டார் வீடு ஒன்று பார்த்திருக்கிறானாம். “எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்குது மாமா, கியர்பொக்ஸும் இழுக்குது. அதால அரை விலைக்குத் தாறாங்கள். உள்ளுக்குக் கட்டில், அடுப்பு எல்லாம் கிடக்கு.”

“சீற்றைத் தூக்கு” என்றார் மாமா.

“இதில எஞ்சின் முன்னுக்கு மாமா.”

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முன்னுக்கு எஞ்சின் உள்ள வாகனத்தில் அவருக்கு வேலையில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூரையைக் காட்டு” என்றார். போன் மேலே போயிற்று. ஒரு மூலையில் மண்ணிறக் கறை. “அந்த இடத்தைப் பெருவிரலால அமத்து.” அமத்தினான். விரல் உள்ளே போயிற்று.

“வேண்டாம்” என்றார் மாமா. ஒரே சொல். ராசி இல்லை, ஓடுற வரைக்கும் இல்லை.

“கூரைதானே மாமா, ஒட்டலாம். எஞ்சினைச் சொல்லுங்க.”

“எஞ்சின் செத்தா வேற எஞ்சின் போடலாம். ஒழுகின கூரையை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கிளிவெட்டி முகாமில தறப்பாளிலயும் தகரத்திலயும் எத்தின மாரி படுத்தனான். தண்ணி மேலால வராது, சுவருக்குள்ளால வரும்.”

அந்த விசயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பழைய மோட்டார் வீடுகள் பலவற்றுக்கு வெளியே தகடு, உள்ளே மரச்சட்டம். கூரையில் ஒரு பொருத்து விட்டால் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி உள்ளுக்குள்ளேயே உக்கவைக்கும்; வெளியே கறை தெரிகிறபோது பாதி உக்கிவிட்டிருக்கும். எஞ்சின் மாற்றுகிற செலவைவிட அதைத் திருத்துகிற செலவு கூடிவிடலாம். முகாமில் இருந்த காலம் மாமாவுக்கு இந்தப் பாடத்தைத் தந்தது. டிரக்டர் தந்ததாகச் சொல்லும் பாடங்களைப் பற்றி நாம் பேசவேண்டாம்.

ஆகவே டொல்பினோ மோட்டார் வீடோ, பழுதோடு ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் மாமாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சினை மட்டும் அவருக்குக் காட்டாதீர்கள். அதற்குக் கூலி கொடுத்து ஒரு கராஜ்காரரை, எஞ்சின் சூடாக முதல், காலமையே கொண்டுபோங்கள். மாமாவின் டோர்ச்சை வானுக்கு அடியில் அனுப்புங்கள்: கடற்கரை ஊர், செசியில் கறளை மறைத்துப் பெயின்ற் அடித்திருப்பார்கள். புத்தகத்தை நீங்களே வாங்கி, தேத்தண்ணி வருமுன் வாசியுங்கள். எஞ்சின் பழுதுக்கு விலை உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பானில் கழற்றிய எஞ்சின் எடுக்கலாம், அந்தச் செலவைக் கேட்ட விலையில் கழித்துப் பேசலாம். உக்கின கூரைக்கும் கறள் தின்ற செசிக்கும் வேறொருவர் பெயரில் இருக்கிற புத்தகத்துக்கும் கழிக்கிற கணக்கு இல்லை. புத்தகம் நேர், செசி சுத்தம், எஞ்சின்தான் பழுது என்றால் துணிந்து வாங்குங்கள். எஞ்சின் பாட்டுப் பாடுகிறது, புத்தகம் மட்டும் நாளைக்கு வரும் என்றால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். விற்பவர் சொந்தக்காரர் என்று மாமா சொன்னால் குடிக்காமலே எழும்புங்கள்.